கருவறி சோதனைகளின் வரலாறும் ‘இல்லை’ என்னும் முடிவும்

முன்னுரை

கருவுற்றிருத்தலை அறியும் சோதனைகளின் வரலாறு மருத்துவத்துக்கு உரியது. எனினும் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அதில் ஒரு பங்குண்டு. சோதனை தருவது ஒரு குறி. அக்குறியைச் சொல்லாக்குவது மொழி. குறி சொல்லாகும்போது அதற்கு இல்லாத உறுதி வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு. ‘காணப்படவில்லை’ என வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்பது அத்தகையது. இச்சோதனைகளில் ‘உண்டு’ என்னும் முடிவைவிட ‘இல்லை’ என்னும் முடிவு பெரும்பாலும் வலுக்குறைந்தது என்பதையும், அது சோதித்த நாளைச் சார்ந்தது என்பதையும், இவ்வேறுபாடு தமிழாக்கத்தில் காக்கப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. முளையும் விலங்கும்

எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 1300 அளவில் எழுதப்பெற்ற பெர்லின் பாப்பிரசுச் சுவடி, பெண் தன் சிறுநீரைக் கோதுமையின் மீதும் வாற்கோதுமையின் மீதும் நாள்தோறும் விட வேண்டும் என்கிறது. இரண்டும் முளைக்காவிடில் அவள் குழந்தை பெறமாட்டாள் என்பது அதன் முடிவு. 1963இல் இம்முறை ஆய்வகத்தில் சோதிக்கப்பெற்றபோது, கருவுற்ற பெண்களின் சிறுநீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு முளைப்புக்கு இடம் தந்தது. எனவே எஞ்சியோர்க்கு, கருவுற்றிருந்தும் ‘இல்லை’ என்னும் விடையே கிடைத்திருக்கும்.

அறிவியல் அடிப்படையிலான முதற் சோதனையை 1927இல் பெர்லினில் செல்மார் ஆஷைம், பெர்ன்ஹார்ட் சோன்டெக் ஆகியோர் உருவாக்கினர். பெண்ணின் சிறுநீர் பருவமடையாத சுண்டெலிகளுக்கு ஊசிவழிச் செலுத்தப்பெற்றது. சில நாள்களுக்குப் பின் அவற்றைக் கொன்று சூலகத்தில் மாற்றம் உள்ளதா எனப் பார்த்தனர். 1931இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் எலிக்கு மாற்றாக முயலைப் பயன்படுத்தினார். விடை இரண்டு நாள்களில் கிடைத்தது. 1930களில் தென்னாப்பிரிக்காவின் நகத்தவளை வழக்கிற்கு வந்தது. இத்தவளையின் பயனுக்கு வித்திட்டவர் லான்சலாட் ஹாக்பென். அது ஒரு நாளுக்குள் முட்டையிட்டு விடை தந்தது. அதனைக் கொல்ல வேண்டியதில்லை, மீண்டும் பயன்படுத்தலாம்.

முயற் சோதனை ஆங்கிலத்துக்கு ஒரு மரபுத்தொடரைத் தந்தது. ‘முயல் செத்தது’ என்றால் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘அவள் கருவுற்றிருக்கிறாள்’ என்று பொருள். உண்மையில் சூலகத்தைப் பார்ப்பதற்காக, விடை எதுவாயினும் முயல் கொல்லப்பட்டது. சோதனையின் செயல்முறை மறைந்து முடிவு மட்டும் மொழியில் தங்கியதற்கு இது நல்ல சான்றாகும். இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பொருளை முற்றும் இழப்பார்.

2. குழாயும் கோடும்

1960இல் சுவீடனைச் சேர்ந்த வீடே, கெம்செல் ஆகியோர் விலங்கின்றிச் செய்யும் சோதனையை வெளியிட்டனர். கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் காணப்பெறும் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீரை (ஹார்மோனை) எதிர்ப்பொருள் கொண்டு இனங்காண்பது அதன் அடிப்படை. 1967இல், அமெரிக்காவில் ஆர்கனான் நிறுவனத்தில் வரைகலைப் பணியிலிருந்த மார்கரெட் கிரேன், பெண் தானே வீட்டில் செய்யத்தக்க வடிவத்தை அமைத்தார். அது கனடாவில் 1971இல் விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவில் 1970களின் இறுதியில் வந்த வீட்டுச் சோதனைப் பெட்டி குறித்து 1978இல் மகளிர் இதழொன்று தந்த விவரம் இங்கு நோக்கத்தக்கது: ‘உண்டு’ என்னும் முடிவு 97 விழுக்காடும் ‘இல்லை’ என்னும் முடிவு 80 விழுக்காடும் சரியானவை. ஒரே பெட்டிக்கு இரு நம்பக அளவுகள்! 1988இல் இன்று வழங்கும் ஒற்றைப் பட்டைச் சோதனை வந்தது. இரண்டு மணி நேரக் காத்திருப்பு சில நிமிடங்களாகக் குறைந்தது. இரு அளவுகளும் ‘99 விழுக்காடு’ என்னும் ஒரே விளம்பர எண்ணுக்குள் மறைந்தன.

3. மாத்திரைச் சோதனை

இதே காலத்தில் வேறொரு முறையும் வழங்கியது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களை மிகுந்த அளவில் கொண்ட மாத்திரைகளைப் பெண் விழுங்க வேண்டும். பின்னர் உதிரப்போக்கு ஏற்பட்டால் கருவில்லை, ஏற்படாவிடில் கருவுண்டு. இங்கு சிறுநீர் சோதிக்கப்பெறவில்லை. பெண்ணின் உடலே சோதனைக்குழாய் ஆயிற்று. கருவுக்கு ஊறு நேரலாம் என்னும் ஐயம் எழுந்தது. பிரிட்டனில் இவ்வகை மாத்திரை 1978இல் விற்பனையிலிருந்து நீங்கியது. இந்தியாவில் 1982இல் பிறந்த தடையாணை நீதிமன்ற வழக்குகளில் சிக்கியது. மகளிர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்திற்குப் பின் 1988இல் இறுதித் தடை வந்தது. இம்மாத்திரை கருவைக் கலைக்கும் என்னும் தவறான நம்பிக்கையும் பரவியிருந்தது. அறியும் கருவி, மருந்து என்னும் இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்டதன் விளைவு இது.

4. நாளும் நம்பகமும்

சினைமுட்டை கருவுற்றவுடன் எச்.சி.ஜி. சிறுநீரில் வருவதில்லை. கரு கருப்பையில் பதிந்த பின்னரே வரத் தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்சும் அவருடன் பணியாற்றியோரும் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலைத்த கருக்களுள் பெரும்பாலானவை முட்டை வெளிப்பட்ட 8 முதல் 10 நாள்களுக்குள் பதிந்தன. ஆயின் மாதவிலக்கு வரவேண்டிய நாளன்று ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் கருக்கள் இன்னும் பதியவே இல்லை என 2001இல் அவர்கள் காட்டினர். ஆகவே அன்று எத்துணை நுண்ணிய சோதனையும் 90 விழுக்காட்டுக்கு மேல் கண்டறிய இயலாது. ஒரு வாரம் கழிந்தால் அவ்வெல்லை 97 விழுக்காடாகிறது. பெட்டியில் அச்சிடப்பெறும் 99 விழுக்காடு, பொதுவாக ஆய்வகத்தில் கருவி எச்.சி.ஜி.யை இனங்காணும் திறனைக் குறிப்பது. ஒரு பெண் ஒரு குறிப்பிட்ட நாளில் பெறும் விடையின் உறுதியைக் குறிப்பதன்று.

‘உண்டு’ என்பதற்கும் எல்லை உண்டு. அண்மையில் மகப்பேறோ கருச்சிதைவோ நிகழ்ந்திருத்தல், எச்.சி.ஜி. ஊசி மருந்து, சிலவகைக் கட்டிகள் ஆகியன பொய்யான ‘உண்டு’ தரலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருப்பினும் கோடு தோன்றும். அக்கோடு இடத்தைக் கூறாது.

5. தமிழ்ச் சொற்கள்

இத்துறையில் தமிழ் வழக்கு நுட்பமானது. ‘முழுகாமல் இருக்கிறாள்’, ‘நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்பன அடையாளத்தைக் கூறுகின்றன. ‘மசக்கை’ உடற்குறியைக் கூறுகிறது. ‘சூல்’, ‘கரு’, ‘கர்ப்பம்’ என்பனவே நிலையைக் கூறுகின்றன. ‘முழுகாமல்’ என்னும் எதிர்மறை வினையெச்சம், விலக்கு முடிந்து தலைமுழுகும் நிகழ்வு நேரவில்லை என்னும் சான்றைச் சொல்லி, முடிவைக் கேட்போரிடம் விடுகிறது. சான்றையும் முடிபையும் வேறாக வைத்துப் பேசும் இவ்வழக்கு, அண்மைக்காலத் துண்டறிக்கைத் தமிழுக்கு முன்மாதிரியாகத் தக்கது.

தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் ஆஷா பணியாளர் வழி வழங்கப்பெற்ற சோதனைப் பெட்டிக்கு ‘நிச்சய்’ என்று பெயர். தமிழர் செவியில் அது ‘நிச்சயம்’ என்றே விழும். ஒரு கோடு மட்டும் தோன்றும்போது அப்பெயர் தரும் உறுதி பட்டையில் இல்லை.

‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்னும் கலைச்சொற்களும் இடர் தருவன. பொதுவழக்கில் இவை நன்மை, தீமை என்னும் சாயல் பெற்றுவிட்டன. குழந்தையை விரும்புபவளுக்கும் அஞ்சுபவளுக்கும் ஒரே சாயல் பொருந்தாது. ‘கருக்குறி தென்பட்டது’, ‘கருக்குறி தென்படவில்லை’ என்பன பொருத்தமானவை. ‘கர்ப்பம் இல்லை’ என அச்சிடுவதினும், ‘இன்றைய சோதனையில் கருக்குறி தென்படவில்லை, மாதவிலக்கு வராவிடில் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவும்’ என்பது நீளமானது, ஆயினும் உண்மையானது.

நாட்கணக்கிலும் கவனம் வேண்டும். மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், விலக்குத் தவறிய அன்றே ‘நான்கு வாரக் கர்ப்பம்’ என்பர். கருவுற்று இரு வாரமே ஆகியிருக்கும். எங்கிருந்து எண்ணுவது என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பெயர்த்தல் பிழையாகும்.

முடிவுரை

முளையிலிருந்து கோடு வரை கருவி மாறியுள்ளது; விரைவும் துல்லியமும் பெருகியுள்ளன. கரு பதியும் நாளை எக்கருவியும் மாற்றவில்லை. ‘இல்லை’ என்னும் சொல்லை நம்பி ஒரு பெண் கருவுக்கு ஒவ்வாத மருந்தைத் தொடரலாம். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவின் வலியை வேறு வலியெனக் கொண்டு நாள் கடத்தலாம். அப்பிழைக்குக் கருவியைவிடத் துண்டறிக்கையின் ஒரு வினைமுற்றே காரணமாயிருக்கக்கூடும். எனவே சோதித்த நாளையும் சோதனையின் எல்லையையும் தொடருக்குள்ளேயே வைத்துப் பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.