உவர் நிலமும் எண்ணெய் வித்துக்களும்

எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. பின்னர்த் தேங்காய், கடலை, ஆமணக்கு ஆகியவற்றிலிருந்து பிழிந்தவையும் அப்பெயரையே பெற்றன. சிந்துவெளியின் ஹரப்பாவில் கருகிய எள்மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பதால், இப்பயிர் இப்பகுதி மக்களுக்கு எத்துணைப் பழமையானது என்பது விளங்கும். வன்னிப் பெருநிலத்திலும் எள்ளும் கச்சான் எனப்படும் நிலக்கடலையும் மேட்டு நிலப் பயிர்களாக நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளன. நெல் குளத்தை நம்பியது. எள்ளோ மழை விட்டுச் சென்ற ஈரத்தை நம்பியது.

எள்ளுக்குப் பெயர் தந்த மொழி, எள் வளராத நிலத்துக்கும் பெயர் தந்திருக்கிறது. உவர் என்றும் களர் என்றும் அந்நிலத்தைத் தமிழர் அழைத்தனர். கல்லாதவரை வள்ளுவர் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார். இருந்தும் பயன் தராத நிலம் என்பதே அவ்வுவமையின் கருத்து. இன்றைய மண்ணியலாரும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே பேசுவர். கரையும் உப்பு மிகுந்தது உவர். சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டு இறுகச் செய்த நிலம் களர்.

வன்னியின் அமைப்பை நோக்கினால் உப்பு எங்கிருந்து வருகிறது என்பது புலனாகும். தெற்கே வவுனியாவின் உயர்ந்த பகுதியில் பழமையான பாறைமேற் படிந்த செங்கபில மண் உண்டு. அங்கிருந்து வடக்கு நோக்கிச் சரியும் நிலம், கிளிநொச்சிக்கு வடக்கே ஆனையிறவுக் கடனீரேரியையும், கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரையையும் அடைகிறது. கனகராயன் ஆறு இச்சரிவின் வழியே ஓடி, இரணைமடுவில் தேங்கி, எஞ்சிய நீருடன் கடனீரேரியிற் கலக்கிறது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைத் தருகிறது. அதன்பின் வரும் நீண்ட வெயிலில் தாழ்நிலத்து நீர் ஆவியாகிறது. நீர் போக, உப்பு நின்றுவிடுகிறது. ஆனையிறவில் உப்பு விளைவித்ததும் இதே வெயில்தான். உப்பளத்துக்கு வரமாக அமைந்த வெயில் அருகிலுள்ள கமத்துக்குச் சாபமாயிற்று.

கிணறும் சில வேளைகளில் உப்பைக் கொண்டுவரும். கடலோர மணலில் நன்னீர், பாரம் மிகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. மேலே ஓரடி குறைய இறைத்தால் கீழேயிருந்து உவர்நீர் நாற்பது அடி எழக்கூடும். கோடையிற் கச்சானுக்கு மிகுதியாக இறைப்பவர் இதனை மறத்தல் ஆகாது.

உப்பு பயிரை மூன்று வழிகளில் வருத்துகிறது. முதலாவது தாகம். மண்ணீரில் உப்பு மிகும்போது வேர் அதனை உறிஞ்சப் பெரிதும் முயலவேண்டியிருக்கிறது. ஆகவே ஈரமுள்ள நிலத்திலேயே பயிர் வாடுகிறது. இரண்டாவது நஞ்சு. சோடியமும் குளோரைட்டும் இலைகளிற் சேர, ஓரங்கள் கருகுகின்றன. மூன்றாவது நிலத்தின் கேடு. சோடியம் மிகுந்த களிமண் நனைந்தாற் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் மாறி, காற்றும் நீரும் உட்புகாதவாறு செய்கிறது.

எண்ணெய்ப் பயிர்களுள் எள்ளும் கச்சானும் இவற்றுக்கு எளிதில் இரையாகின்றன. எள்ளின் விதை மிகச் சிறியது; முளையும் மென்மையானது. இறுகிய மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளிவர அதற்கு வலுவில்லை. கச்சானின் நிலை வேறு. அதன் காய் மண்ணுக்குள் உருவாகிறது. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, வேரை நம்பாமல், காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து பெறுகிறது. சோடியம் மிகுந்த மண்ணில் அச்சத்துத் தடைப்படுவதால், செடி பச்சையாக நின்றாலும் காய் பருப்பின்றிப் பொய்த்துவிடும். கமக்காரர் தம் இழப்பைச் செடியைப் பிடுங்கும் நாளிலேயே அறிகின்றனர்.

மண்ணின் உப்பை, அதன் சாறு மின்னைக் கடத்தும் அளவால் மதிப்பிடுவர். 1954-இல் அமெரிக்க உவர்மண் ஆய்வகம் வெளியிட்ட கைந்நூல், அவ்வளவு 4 அலகுக்கு மேற்படின் அந்நிலம் உவர்நிலம் என வரையறுத்தது. ஆனால் 1977-இல் மாஸ், ஹொஃப்மன் என்னும் இருவர் பல பயிர்களின் தாங்குந்திறனைத் தொகுத்தபோது, நிலக்கடலை 3.2 அலகிலேயே விளைச்சல் குறையத் தொடங்குவதாகவும், அதற்கு மேல் ஓரலகு கூடுந்தோறும் நூற்றுக்கு 29 பங்கு விளைவு குன்றுவதாகவும் கணக்கிட்டனர். இதன்படி 5 அலகை எட்டுமுன்னரே விளைவு பாதியாகிவிடும். நூலின்படி உவர்நிலம் எனப் பெயர் பெறுவதற்கு முன்பே ஒரு நிலம் கச்சானுக்குப் பகையாகிவிடுகிறது. சூரியகாந்தியோ இவ்வளவு விரைவாகத் தளர்வதில்லை.

தென்னையின் கதை இதற்கு நேர்மாறானது. பளைப் பகுதியிலும் முல்லைத்தீவுக் கரையிலும் தென்னை செழித்து நிற்பதைக் காணலாம். குளோரைட்டுத் தென்னைக்கு வேண்டிய சத்துக்களுள் ஒன்று என்பதை 1970-களிற் பிலிப்பைன்சில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் காட்டின. எனவே, தென்னை நிற்கும் நிலத்தில் எள்ளும் நிற்கும் என்று எண்ணுவது பிழை. கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றும் அதே மண் வேறொரு விதையைக் கொன்றுவிடலாம்.

உப்பு ஒரு நாட்டின் உணவையே மாற்றிய வரலாறும் உண்டு. ஈராக்கின் தென்பகுதியில் சுமேரியர் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்தனர், எள்ளெண்ணெயும் பிழிந்தனர். கி.மு. 3500 அளவில் அங்கே கோதுமையும் வாற்கோதுமையும் ஏறக்குறையச் சமமாக விளைந்தன. கி.மு. 1700 அளவில் கோதுமை கைவிடப்பட்டு, உப்பைத் தாங்கும் வாற்கோதுமையே எஞ்சியது. வடிகால் இன்றி நீர் பாய்ச்சியதே இதற்குக் காரணம் என்று யாக்கோப்சன், ஆடம்ஸ் என்னும் அறிஞர் 1958-இல் எழுதினர். நீரைக் கொண்டுவருதல் பாதி வேலை. கொண்டுவந்த நீரை வெளியேற்றுதல் மறுபாதி.

வன்னியில் நீரைக் கொண்டுவரும் முயற்சி பெரிதாகவே நடைபெற்றது. கனகராயன் ஆற்றைத் தேக்கும் திட்டத்தை ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885-இல் வரைந்தார். இரணைமடுக் குளத்தின் வேலை 1902-இல் தொடங்கியது. 1930-களிற் குடியேற்றத் திட்டத்தின்வழிக் கிளிநொச்சி வளர்ந்தது. காடு வெட்டிக் கமம் செய்த அக்குடும்பங்களுக்குக் குளத்து நீர் வாழ்வாயிற்று.

கடனீரேரியின் உவரை நீக்கும் எண்ணமும் பழமையானது. யாழ்ப்பாண அரசாங்க அதிபராயிருந்த துவைனம், 1879-இலேயே கடனீரேரிகளை நன்னீராக்கலாம் என்று கருதினார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953-இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டிற் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு முதலியவற்றின் நீரை ஆனையிறவுக் கடனீரேரியிற் கடல் புகாதவாறு தேக்கி, அங்கிருந்து வாய்க்கால்வழி வடமராட்சிக் கடனீரேரிக்குச் செலுத்துவது அதன் கருத்து. யாழ்ப்பாணக் கிணறுகளுக்கு நீர் கிடைக்கும். வன்னிக் கரைநிலத்தின் உவரும் மெல்லக் குறையும். 1960-களில் அணைவேலை நடந்தது. ஆனால் முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. பின்னர் வந்த போர்க்காலத்தில் ஆனையிறவு போர்முனையாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்தனர், பராமரிப்பாரின்றி வாய்க்கால்களும் வரம்புகளும் சிதைந்தன.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியபோது உயிர்களோடு நிலமும் துன்புற்றது. எனினும் ஆழிப்பேரலை கண்ட நிலங்கள் ஓர் உண்மையைக் காட்டின. மணல் நிலத்தில் மேலேறிய உப்பைத் தொடர்ந்து பெய்யும் மழையே கழுவிச் செல்லும். நீர் தேங்கும் களிமண் தாழ்நிலத்திலோ அது நெடுநாள் தங்கும்.

ஆகவே உவரை வெல்லும் வழி மறைவானதன்று. வரம்பு கட்டி மழைநீரை வயலில் நிறுத்தல், அது உப்புடன் வெளியேற வடிகால் வெட்டுதல், களரில் ஜிப்சம் இடுதல், பசுந்தாட் பசளையால் மண்ணை இளக்குதல் என்பனவே அவ்வழி. வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சமும் பயன் தராது. இவற்றோடு விதை தேர்தலும் வேண்டும். மேட்டில் எள்ளும் கச்சானும், ஓரளவு உவர் கண்ட இடத்திற் சூரியகாந்தியும், நீர் தேங்காத கரைமணலில் தென்னையும் வைத்தல் அறிவு.

போர் 2009-இல் ஓய்ந்தபின் தம் காணிக்கு மீண்ட குடும்பங்கள் பலவற்றுக்கு விதைநெல்லும் கடன், விதைக்கச்சானும் கடன். விளைவு பொய்த்தால் அக்கடன் நிற்கும். விதைப்பதற்கு முன் ஒருபிடி மண்ணை ஆராய்ந்து பார்த்தல் அவர்களுக்குக் கல்வி மட்டுமன்று, காப்பும் ஆகும். நிலத்தின் குணமறிந்து வித்திட்ட இடத்தில் எள் மீண்டும் பூக்கும். செக்கும் மீண்டும் சுழலும்.