வளர்ச்சிக்கென ஏற்றிய இரத்தம்

1966 அக்டோபரில் ருமேனியாவின் சௌசெஸ்கு அரசு, மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்குடன், 770ஆம் எண் ஆணையின் வழியாகக் கருக்கலைப்பைப் பெருமளவு தடைசெய்த பின்னர், வளர்க்க வகையற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டுச்செல்வது பெருகியது. 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப்பொருள்களை ஏற்றுமதி செய்துவிட்டு உள்நாட்டு மக்களுக்கு அளந்து கொடுத்த காலத்தில், அவ்விடுதிகள் வயதுக்கேற்ற எடையும் உயரமும் எட்டாத குழந்தைகளால் நிறைந்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது போதிய உணவும் அரவணைப்பும், கிடைத்ததோ ஊசி.

வளர்ச்சி குன்றிய குழந்தைக்குப் பெரியவர் ஒருவரின் இரத்தத்தைச் சிறிதளவு செலுத்தினால் உடல் தேறும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையில், ‘நுண் இரத்தமேற்றம்’ எனத்தக்க ஒரு முறை அங்கு வழக்கில் இருந்தது. எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படாத அந்த இரத்தத்தாலும், முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்தடுத்த குழந்தைகளுக்குப் பயன்பட்ட சிரிஞ்சுகளாலும் தொற்று பரவியது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழும்வரை இந்த உண்மை மறைக்கப்பட்டிருந்தது. 1990 இறுதிக்குள் பதிவான 1,168 எய்ட்ஸ் நோயாளிகளில் 1,094 பேர் 13 வயதுக்கு உட்பட்டவர்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விடுதிக் குழந்தைகள். மெலிவுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டதே மெலிவை நிலைக்கச் செய்தது என்பதுதான் இவ்வரலாற்றின் பெருங்கொடுமை.

ஏனெனில் எச்.ஐ.வி. குழந்தையின் வளர்ச்சியைப் பல வழிகளில் தடுக்கிறது. வாயில் படரும் பூஞ்சைப் புண் விழுங்குவதைக் கடினமாக்குகிறது. தொடர் வயிற்றுப்போக்கும் குடற்சுவரின் சிதைவும் உண்ட சத்தை உடலில் சேரவிடுவதில்லை. ஓயாத தொற்றுகளோடு போராடுவதிலேயே உடலின் ஆற்றல் செலவாகிறது. எலும்பின் நீட்சியைத் தூண்டும் இயக்குநீர்களின், அதாவது ஹார்மோன்களின், செயல்பாடும் தளர்வதால் உயரம் குன்றிப் பூப்பும் தாமதப்படுகிறது. இவற்றுடன் தனிமையும் சேர்ந்த விடுதியில், ஒரு குழந்தையின் குட்டையான உருவத்துக்குப் பசி காரணமா, புறக்கணிப்பா, வைரஸா என்று பிரித்தறிவது மருத்துவர்களுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது.

பல மருந்துகளை ஒருங்கே அளித்து வைரஸின் பெருக்கத்தை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை, தொற்று மிகுந்திருந்த கான்ஸ்டன்ட்சா நகரில் 2001 முதல் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இச்சிகிச்சையால் எடை ஓரளவு விரைவில் மீளும். உயரம் மெதுவாகவே கூடும், தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு முழுமையாக ஈடாவதும் அரிது. 1980களின் இறுதியில் பிறந்த அத்தலைமுறையினரோ, அந்த மருந்து கைக்கு வந்தபோது, பூப்புப் பருவத்தின் வாயிலை அடைந்துவிட்டிருந்தனர்.