கொடுத்ததா, கிடைத்ததா?

1828-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு கணிதக் கட்டுரை சிறு நூலாக அச்சானது. எழுதியவர் ஜார்ஜ் கிரீன். ஸ்னைன்டனில் தந்தை கட்டிய காற்றாலையில் மாவு அரைத்துப் பிழைத்தவர். பள்ளிக்குப் போனது ஏறக்குறைய ஓராண்டுதான். ஏழரை ஷில்லிங் விலையில் நூலை வாங்க முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் 51 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒரு பக்கம்கூடப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. நூல் கையாண்ட கருத்து இது: ஒவ்வொரு பொருளும் எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், அது இடத்துக்கு இடம் மாறும் வேகமே விசையைச் சொல்லிவிடும். லக்ராஞ்சும் லாப்லாஸும் கோள்களின் ஈர்ப்புக்கு இந்த வழியை 18-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டிருந்தார்கள். பாய்சான் அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். கிரீன் அதற்குப் பொட்டென்ஷியல் என்று பெயரிட்டுப் பொது முறையாக்கினார். கவனிக்க வேண்டியது, அவர் நூலிலேயே அந்த எண் இரண்டு வேடம் போடுகிறது. மின்னேற்றங்கள் தெரிந்தால் பொட்டென்ஷியலைக் கணக்கிடலாம். அப்போது அது விடை. ஒரு மேற்பரப்பில் பொட்டென்ஷியல் தெரிந்தால் உள்ளே நடப்பதைக் கணக்கிடலாம். அப்போது அதுவே உள்ளீடு. பின்வந்த அறிவியல் துறைகளில் பொட்டென்ஷியலுக்கு ஏன் இத்தனை பொருள் என்று கேட்டால், துறைகள் வேறு என்பதைவிட இந்த இரண்டு வேடங்கள்தான் சரியான விடை என்பது என் வாதம்.

கிரீன் 1841-இல் இறந்தபோது அவர் பெயரை அறிந்தவர்கள் வெகு சிலர். ஒரு வருடம் முன்பு ஜெர்மனியில் காஸ் அதே சொல்லைத் தாமாகவே பயன்படுத்தியிருந்தார். 1845-இல் வில்லியம் தாம்சன் கையில் கிரீனின் நூல் சிக்கி, பாரிசுக்குப் போய், கிரெல்லின் கணித இதழில் மறுபதிப்பான பிறகே ஐரோப்பா அதைப் படித்தது. மின்கம்பிகளைப் பற்றி ஓம் சொன்ன மின் இழுவிசை கிரீனின் பொட்டென்ஷியல்தான் என்று 1849-இல் கிர்க்காஃப் காட்டினார். 1870-களில் கிப்ஸ் அந்தக் கருத்தை வேதியியலுக்குள் கொண்டுவந்தார். 1907-இல் எட்கர் பக்கிங்ஹாம் மண்ணுக்குள் ஈரம் நகர்வதை விளக்க நுண்புழைப் பொட்டென்ஷியல் என்றார். இங்கே ஒரு மறுப்பு எழும்: மின்சாரத்தில் இது வோல்ட், வேதியியலில் மோலுக்கு இத்தனை ஜூல், இன்றைய மண்ணியலில் மெகாபாஸ்கல், அலகுகூட ஒத்துப்போகாதவற்றை ஒரே பெயரில் அழைப்பது வெறும் பழக்கம்தானே? அலகு வேறுபடுவதற்குக் காரணம் எளியது. ஆற்றலை ஒருவர் மின்னேற்றத்தால் வகுக்கிறார், ஒருவர் மோலால், ஒருவர் கன அளவால். மூன்றிலும் ஏதோ ஒன்று உயர்விலிருந்து தாழ்வுக்கு நகர்கிறது. எது பூஜ்யம் என்பதை ஆராய்பவரே முடிவு செய்கிறார். உண்மையான பிளவை வேறிடத்தில் தேட வேண்டும்.

நரம்பின் கதையில் அது பளிச்சென்று தெரிகிறது. 1902-இல் யூலியஸ் பெர்ன்ஸ்டைன், நரம்பின் சவ்வுக்கு உள்ளும் புறமும் இருக்கும் மின்னழுத்த வேறுபாடு துடிப்பின்போது பூஜ்யத்துக்குச் சரிகிறது என்றார். 1939-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழைக்குள் மின்வாயைச் செருகி அளந்தார்கள். அழுத்தம் பூஜ்யத்தோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனது. இதுவரை பொட்டென்ஷியல் நரம்பு தருவது, ஆய்வாளர் படித்துக் குறிப்பது. ஆனால் அதைப் படிப்பதால் மட்டும் சவ்வு வழியே என்ன போகிறது என்று தெரியாது. அழுத்தம் மாறினால் ஓட்டம் மாறுகிறது, ஓட்டம் மாறினால் அழுத்தம் மாறுகிறது, எது காரணம் எது விளைவு என்று பிரிக்க வழியில்லை. கென்னத் கோலும் ஜார்ஜ் மார்மாண்டும் 1940-களின் இறுதியில் இந்த வட்டத்தை வெட்டினார்கள். மின்சுற்று ஒன்று சவ்வின் அழுத்தத்தை ஆய்வாளர் விரும்பிய மதிப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவீடு. வோல்டேஜ் கிளாம்ப் எனப்படும் அந்த ஏற்பாட்டில் பொட்டென்ஷியல் உள்ளீடாகிவிட்டது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் பிளைமவுத்தில் இதே முறையில், கடல்நீரின் சோடியத்துக்குப் பதில் கோலின் என்ற சேர்மத்தை வைத்து, சோடிய ஓட்டத்தையும் பொட்டாசிய ஓட்டத்தையும் பிரித்தெடுத்தார்கள். பிறகு கட்டை அவிழ்த்து, அழுத்தத்தை மீண்டும் விடையாக்கினார்கள்: ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் துடிப்பைக் கணக்கிட்டார். அது நரம்பில் ஓடும் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது, அளந்தது 21.2 மீட்டர். 1952-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளில் பூஜ்யம் என்பது ஓய்வு நிலை; குறிகளும் இன்றைய வழக்குக்குத் தலைகீழ். இன்று படிக்கும் மாணவர்கள் தடுமாறும் இடம் இது.

வேடம் மாறினால் என்ன, சவ்வில் இருப்பது அதே வோல்ட்தானே, இது வெறும் ஆய்வு வசதிதானே என்று கேட்கலாம். நரம்புக்கு அது ஓரளவு பொருந்தும். ஹிக்லிங் 1942-இல் மின்வேதியியலுக்கு உருவாக்கிய பொட்டென்ஷியோஸ்டாட்டுக்கும் பொருந்தும். அங்கும் மின்வாயின் அழுத்தத்தை நாம் நிர்ணயிக்கிறோம், ஓட்டத்தை அளக்கிறோம், ஆனால் வோல்ட் வோல்ட்டாகவே இருக்கிறது. அணுக்களின் கணினி ஆய்வுக்கு வந்தால் இந்த மறுப்பு நிற்காது. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் தொடர்ந்தார். அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதற்கு அவர் கொடுத்தது லென்னார்ட்-ஜோன்ஸ் பொட்டென்ஷியல். அதில் இரண்டே எண்கள்: ஈர்ப்புக் குழியின் ஆழம் 120 கெல்வின், அணுவின் அகலம் 3.4 ஆங்ஸ்ட்ராம். திரவத்தின் கட்டமைப்பும் அணுக்கள் பரவும் வேகமும் சோதனைகளோடு நன்றாகவே ஒத்துப்போயின. ஆனால் இரண்டே ஆர்கான் அணுக்களைத் தனியே அளந்தால் குழியின் ஆழம் ஏறத்தாழ 143 கெல்வின். 120 என்பது தவறான அளவீடு அல்ல. கூட்டத்தில் மூன்றாவது, நான்காவது அணுக்கள் செய்யும் வேலையையும் இரண்டு பேரின் கணக்கிலேயே எழுதிவிட்ட எண். உள்ளீடாக நிற்கும் பொட்டென்ஷியலும் அளந்து கிடைக்கும் பொட்டென்ஷியலும் இங்கே வெவ்வேறு பொருள்கள்.

மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-இல் வரைந்த கணித நரம்புச் செல் இன்னும் ஒரு படி போனது. உள்ளே வரும் குறிகளைக் கூட்டி, தொகை ஒரு வரம்பைத் தொட்டால் செல் துடிக்கும். பொட்டென்ஷியலின் இடத்தில் நிற்கும் அந்தத் தொகைக்கு வோல்ட்டும் இல்லை, சவ்வும் இல்லை. அதன் வழிவந்த செயற்கை நரம்பு வலையை வைத்தே 2007-இல் யோர்க் பெஹ்லரும் மிக்கேலே பர்ரினெல்லோவும் சிலிக்கான் அணுக்களுக்குப் பொட்டென்ஷியல் தயாரித்தார்கள். குவாண்டம் கணக்குகளைப் படித்த வலை ஆற்றலை விடையாகத் தருகிறது. அந்த விடை உடனே அணுக்களை நகர்த்தும் கணினி ஆய்வுக்கு உள்ளீடாகிறது. பொட்டென்ஷியல் அளந்து கிடைத்தது என்றால் பிழையை மின்வாயில் தேடலாம். கொடுத்தது என்றால் கொடுத்தவரின் அனுமானத்தில் தேடலாம். இந்தப் புதுவகையில் பிழையை இரண்டு பக்கமும் தேடியாக வேண்டும்.