குந்தலீன்: ஒரு கூந்தலெண்ணெயின் இலக்கிய வரலாறு

1896-இல் கல்கத்தாவில் வங்கமொழிச் சிறுகதைகளுக்கென ஒரு பரிசுப் போட்டி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இதழாசிரியரோ இலக்கியக் கழகத்தவரோ அல்லர். ஹேமேந்திர மோகன் போஸ் என்னும் வணிகர், ‘குந்தலீன்’ என்ற கூந்தலெண்ணெயையும் ‘தேல்கோஷ்’ என்ற மணத்தைலத்தையும் தயாரித்து விற்றுவந்தவர். குந்தலம் என்னும் வடசொல்லுக்குக் கூந்தல் என்று பொருள்; அதனோடு ஆங்கிலப் பண்டங்களின் பெயரில் வரும் ஒலியிறுதியைச் சேர்த்து அவர் அமைத்த பெயர் அது. போட்டிக்கு ஒரு விதி இருந்தது. கதைக்குள் இவ்விரு பொருள்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். ஆனால் கதை விளம்பரமாகத் தோன்றிவிடக் கூடாது.

இந்திய விளம்பரக் கலையின் வரலாற்றில் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அப்போட்டியில் பரிசு பெற்ற இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் படித்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. நீண்ட கூந்தலை வாக்களித்த ஓர் எண்ணெய்க்காக எழுதப்பட்ட அக்கதைகளில், எண்ணெயால் எவர் கூந்தலும் வளர்வதே இல்லை.

முதற்கதை 1896-இன் பரிசுக் கதையான ‘நிருத்தேஷேர் காஹினி’. எழுதியவர் பெயரின்றியே அது வெளியாயிற்று. எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். முந்தைய ஆண்டில்தான் கம்பியில்லா மின்னலைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் செயல்விளக்கிக் காட்டியிருந்தார். கல்கத்தாவைத் தாக்கும் என்று வானிலைத் துறை அறிவித்த புயல் வராமற்போகிறது. அறிவியலாளர்கள் காரணம் தெரியாது திகைக்கின்றனர். உண்மையறிந்தவர் ஒருவரே: உடல்நலம் தேடி இலங்கைக்குக் கப்பலேறிய, தலைமுடி கொட்டிப்போன ஒரு மனிதர். புறப்படும்போது மகள் கொடுத்த கூந்தலெண்ணெய்ப் புட்டி அவரிடம் இருக்கிறது. நடுக்கடலில் புயல் சூழ்ந்தபோது, எண்ணெய் அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது அவருக்கு நினைவுக்கு வருகிறது. புட்டியைத் திறந்து கடலில் ஊற்றுகிறார். கடல் அடங்குகிறது.

நகைச்சுவைக் கதைதான். எனினும் நகையின் அடியில் மெய்யான இயற்பியல் உள்ளது. நீர்ப்பரப்பில் எண்ணெய் மென்படலமாகப் பரவிச் சிற்றலைகளைத் தணிப்பதை பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் சோதித்து, 1774-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அமைதிப்படுத்தியதாக அதில் எழுதினார். ஒரு புட்டி எண்ணெய் ஒரு புயலையே திருப்பிவிடும் என்பது கதாசிரியர் செய்த பெருக்கம். அதற்கு அடிப்படையான பண்பு உண்மையானது. கூந்தலெண்ணெயின் பெருமை பேச வேண்டிய இடத்தில் நின்ற இயற்பியலாளர், எண்ணெய் உண்மையில் செய்யக்கூடியதை மிகைப்படுத்தினாரே தவிர, அது முடியை வளர்த்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கதையின் முடிச்சாக அமைக்கவில்லை. அதே கதையை அவர் விரித்தெழுதி 1921-இல் ‘அவ்யக்த’ நூலில் ‘பலாதக் துஃபான்’ என்ற பெயரில் சேர்த்தபோது, எண்ணெய்க்குக் ‘குந்தல கேசரி’ என்ற கற்பனைப் பெயர் வந்தது. கேசரி என்றால் சிங்கம். பிடரிமயிர் இழந்த சிங்கத்தை வைத்து, கூந்தலெண்ணெய் விளம்பரங்களின் அதிசயக் கதைகளையே அவர் எள்ளினார்.

அந்த எள்ளலுக்கு இலக்கானவை நிறையவே இருந்தன. ‘ஜபாகுசும்’, ‘கேஷரஞ்சன்’ முதலிய எண்ணெய்கள் வங்க இதழ்களின் விளம்பரப் பக்கங்களை நிறைத்த காலம் அது. அதற்கு முன் எண்ணெய் என்பது வீட்டுப் பொருள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ செம்பருத்தியையும் நெல்லியையும் இட்டுக் காய்ச்சுவது பெண்களின் கைப்பக்குவமாக இருந்தது. மதியவேளையில் ஒருத்தி மற்றொருத்தியின் தலையை வாரிப் பின்னுவது அந்தப்புரத்தின் அன்றாடம். புட்டியில் அடைக்கப்பட்டபோது அந்தப் பக்குவம் ஓர் ஆண் வணிகரின் அல்லது கவிராஜரின் பெயரைப் பெற்றது. ‘ஜபாகுசும்’ என்பதற்குச் செம்பருத்திப்பூ என்றே பொருள். வீட்டுக் கொல்லையில் பூத்தது வணிகச் சின்னமாயிற்று. அதைக் காய்ச்சிய கைகளுக்கு அந்த வரலாற்றில் பெயரில்லை.

1905-இன் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் இந்தப் புட்டிகளுக்குப் புதிய பொருள் தந்தன. உள்நாட்டு எண்ணெயை வாங்குவது நாட்டுப்பற்றின் செயலாயிற்று. ஹேமேந்திர மோகன் அக்காலத்திலேயே போனோகிராப் உருளைகளில் இரவீந்திரநாத் தாகூரின் குரலைப் பதிவுசெய்து விற்றவர். அவற்றுள் ‘வந்தே மாதரம்’ பாடலும் ஒன்று. தாகூரின் ‘கர்மபல்’ என்னும் படைப்பு 1903-இல் குந்தலீன் வெளியீடாகவே வந்தது. எண்ணெயும் பாட்டும் கதையும் ஒரே கடையிலிருந்து ஒரே நடுத்தர வகுப்பு இல்லத்துக்குச் சென்றன. அந்த இல்லத்தின் பெண்ணுக்கு விளம்பரம் காட்டிய ஓவியம் ஒன்றே: இடைக்குக் கீழே தாழ்ந்த கருங்கூந்தல், நெற்றியில் குங்குமம்.

அந்தக் குங்குமத்தைக் கவனிக்க வேண்டும். அதே இல்லத்தில் அந்த ஓவியத்துக்கு வெளியே நின்ற பெண்கள் இருந்தனர். விதவை மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. எனினும் மேல்சாதி வங்க இல்லங்களில் கணவனை இழந்தவளுக்கு மீனும் அணிகலனும் வண்ண ஆடையும் மணத்தைலமும் விலக்கப்பட்டே இருந்தன. மேற்கிந்தியாவில் விலக்கு இன்னும் கடுமையானது. தக்காணப் பிராமண விதவையரின் தலை பதினைந்து நாளுக்கொருமுறை மழிக்கப்பட்டதை பண்டித ரமாபாய் 1887-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் பதிவுசெய்தார். 1890-இல் பம்பாயில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் கூடிய நாவிதர்கள், இனி விதவையரின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். சீர்திருத்தச் சொற்பொழிவுகள் பல நிகழ்ந்த காலத்தில், கத்தியைப் பிடித்தவர்களே கத்தியைக் கீழே வைத்த நிகழ்ச்சி அது. கூந்தல் நீளமாக இருக்கலாமா என்பது எண்ணெயால் அன்று, கணவன் உயிரோடு இருப்பதால் முடிவுசெய்யப்பட்ட சமூகத்தில்தான் கூந்தலெண்ணெய்ச் சந்தை பிறந்தது.

இரண்டாவது கதை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. 1903-இல் பரிசு பெற்ற ‘மந்திர்’, அச்சேறிய சரத் சந்திர சட்டோபாத்யாயின் முதற்கதை. உறவினரான சுரேந்திரநாத்தின் பெயரில் அதை அனுப்பிவைத்துவிட்டு அவர் பர்மா சென்றிருந்தார். கதையின் நாயகி அபர்ணா, கோயில் வழிபாட்டில் தோய்ந்து வளர்ந்தவள். கணவன் ஆசையோடு வாங்கிவரும் மணப்பொருள்களை அவள் ஏற்கவில்லை. அவன் இறந்தபின் பிறந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் திரும்புகிறாள். அங்கே பூசை செய்யும் எளிய இளைஞன் ஒருவன் அவளுக்கென வாசனைப் புட்டிகளை வாங்கிவந்து கொடுக்கிறான். விதவைக்கு மணத்தைலம் கொடுப்பது அவமதிப்பு என்று சினந்து, அவள் அவற்றை எறிந்துவிட்டு அவனை விரட்டுகிறாள். சில நாளில் அவனும் இறந்துவிடுகிறான். தான் ஏற்க இயலாததை இறுதியில் அவள் இறைவன் முன் வைக்கிறாள்.

மணத்தைலம் விற்பவர் நடத்திய போட்டியில், மணத்தைலத்தைத் தொட உரிமையில்லாத பெண்ணின் கதை பரிசு பெற்றிருக்கிறது. பொருளின் பெயர் கதைக்குள் வரவேண்டும் என்ற விதி, ஆசிரியரை அந்தப் பொருள் சென்றுசேர முடியாத இடத்துக்கே இட்டுச்சென்றது. விளம்பரமாகத் தோன்றக் கூடாது என்ற விதியை இதைவிட முழுமையாக எவரும் நிறைவேற்றியிருக்க முடியாது. முதற்கதையில் எண்ணெய் கடலுக்குப் போனது. இரண்டாம் கதையில் வாசனைப் புட்டி கருவறைக்குப் போனது. பெண்ணின் தலையை எதுவும் சென்றடையவில்லை.

எண்ணெய் தலையைச் சென்றடைந்தால்தான் என்ன செய்யும்? முடி தோலுக்குள் உள்ள வேர்ப்பையில் உருவாகிறது. வெளியே தெரியும் இழை உயிரற்ற புரதம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஓர் இழையின் வளர்பருவம் பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் நீடித்துப் பின் உதிர்கிறது. கூந்தல் எவ்வளவு நீளும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பருவத்தின் அளவே முடிவுசெய்கிறது. மரபும் வயதும் உணவும் நோயும் அதைப் பாதிக்கின்றன. எண்ணெயின் பணி வேறு. அது உராய்வைக் குறைக்கிறது. இழை உடையாமல் காக்கிறது. மும்பை ஆய்வாளர்கள் ரேலே, மொஹிலே ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் செய்யாததைத் தேங்காயெண்ணெய் செய்வதாகக் கண்டனர்: அது இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது. அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த ஆய்வும் இழையின் பாதுகாப்பைப் பற்றியதே, வளர்ச்சியைப் பற்றியதன்று. கொல்லைச் செம்பருத்தியைக் காய்ச்சிய பெண்கள் நாள்தோறும் செய்த பொறுமையான வாருதலும் பின்னுதலும் இதைத்தான் செய்தன: வளர்ந்ததை இழக்காமல் காத்தன.

ஆகவே நீண்ட கூந்தலின் வரலாற்றை எண்ணெய்ப் புட்டிகளின் வரலாறாக மட்டும் எழுத இயலாது. எவர் காய்ச்சினார், எவர் வாரினார், எவர் கத்தியை எடுத்தார், எவர் அதை வைக்க மறுத்தார் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். குந்தலீன் பரிசுத் தொகுப்புகள் வணிக வரலாற்றுக்குரிய சான்றுகளாகவே இதுவரை பெரிதும் பேசப்பட்டுள்ளன. பாலினத்தின் சமூக வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கும் அவை அதே அளவு உரியவை.