நரம்பின் வழியை அடைத்தவர்கள்

முழங்கால் மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாதவருக்கு, எலும்பின் முனைகளைச் செதுக்கிவிட்டு உலோக மூட்டைப் பொருத்துகிறார்கள். சிகிச்சையின்போது நோவு தெரிவதில்லை. மயக்கம் தெளிந்த பின்னரே அது தொடங்குகிறது. அந்நிலையிலும் காலை மடக்கி நீட்டியாக வேண்டும், எழுந்து நடக்கவும் வேண்டும். இல்லையேல் புதிய மூட்டு இறுகிவிடும். ஆகவே, மூளையை மயக்காமல், முழங்காலிலிருந்து நோவுணர்ச்சியை எடுத்துச் செல்லும் நரம்பை மட்டும் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்கிறார்கள். இந்த உபாயத்தின் வரலாறு கண்ணிலிருந்து தொடங்குகிறது என்றால் மாணவ நண்பர்கள் வியப்படையலாம்.

கொக்கேயின் நாவில் பட்டால் நா மரத்துப்போகும் என்பது வியன்னா நகரத்து வைத்தியர் பலருக்கும் தெரிந்ததே. அதைக் கண்ணில் இட்டுப் பார்த்தவர் கார்ல் கொல்லர் என்னும் 26 வயது இளைஞர். முதலில் தவளையின் கண்ணில் சோதித்தார். பிறகு தம் கண்ணிலேயே இட்டு, குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். உணர்வே இல்லை! 1884 செப்டம்பர் 15-ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் இச்செய்தி வெளிவந்தது. வழிச்செலவுக்குப் பணமில்லாமையால் கொல்லர் அங்குச் செல்லவில்லை. அவர் எழுதியதை வேறொரு வைத்தியர் வாசித்தார்.

செய்தி கடல் கடந்து நியூயார்க்கை எட்டியது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்டு ஹால் என்னும் இருவர் ஒருபடி மேலே சென்றனர். அறுக்கும் இடத்தில் மருந்தைச் செலுத்துவானேன்? அவ்விடத்துக்குச் செல்லும் நரம்பினருகே செலுத்தினால், அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதும் மரத்துப்போகுமே! கீழ்த்தாடை நரம்பில் செய்து வெற்றி கண்டனர். கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதியிலும் செய்தனர். சோதனைக்கு உட்பட்டவர்கள் அவர்களும், அவர்தம் மாணவரும், தோழருமே. கொக்கேயின் ஒருவரைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது என்பதை அன்று அவர்கள் சரிவர அறிந்திலர். 1885-இல் ஹால்ஸ்டெட் வெளியிட்ட கட்டுரையின் முதல் வாக்கியமே பொருள் விளங்காமல் தட்டுத் தடுமாறுகிறது. பிற்காலத்தில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புகழ்மிக்க இரண வைத்தியராக விளங்கினார்; ஆயினும், கொக்கேயினிலிருந்து விடுபட நாடிய மார்பின் அவரை விடவில்லை. மரத்த காலுடன் நிம்மதியாக உறங்கும் நோயாளியைக் காணும்போது எனக்கு அவர் நினைவே வருகிறது.

1904-இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஐன்ஹார்ன் ஆக்கிய நோவகெயின் அந்தப் போதைத் தீங்கை அகற்றியது. 1943-இல் ஸ்வீடனில் லிடோகெயின் உருவாயிற்று.

முழங்காலுக்கு, தொடையிடுக்கில் உள்ள பெரிய நரம்பை அடைப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. நோவு தணிந்தது, ஆனால் தொடைத் தசையும் வலுவிழந்ததால், எழுந்து நின்றவர் விழும் அபாயம் இருந்தது. ஆதலால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சற்றுக் கீழே, நடுத்தொடைத் தசைகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய வழியில் அல்ட்ராசவுண்டு படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தும் முறை பரவிற்று. தசையின் வலு பெரும்பாலும் காக்கப்படுகிறது. முழங்காலின் பின்புறத்து நோவு மட்டும் வேறு நரம்புகளின் வழியே செல்வதால், அதற்கென மற்றோர் ஊசியோ மாத்திரையோ வேண்டியிருக்கிறது.