அல்லியரசாணி மாலை

அல்லியரசாணி மாலை, பாரதக் கதையின் ஓரத்தில் நிற்கும் பெண்ணொருத்தியை நடுவே நிறுத்திய தமிழ்க் கதைப்பாடல் ஆகும். ஒருவர் பாடப் பலர் கேட்பதற்கென எளிய நடையில் அமைந்த நெடும்பாட்டே கதைப்பாடல் எனப்படும். வில்லிபாரதத்தில் அர்ச்சுனன் தீர்த்த யாத்திரையின்போது மணக்கும் பாண்டியன் மகள் சித்திராங்கதை, சில பாடல்களில் வந்து மறைகிறாள். அவளையே முன்மாதிரியாகக் கொண்டவள் எனப் பலராலும் கருதப்படும் அல்லியோ, நாட்டைக் கவர்ந்தவனை வென்று, பெண்களையே அமைச்சரும் படையுமாகக் கொண்டு மதுரையை ஆள்கிறாள். ஆடவரை வெறுக்கும் அவளை நேரில் அடைய இயலாத அர்ச்சுனன், கண்ணன் துணையால் பாம்புருவில் பள்ளியறை புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். நூலைப் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவர். ஆனால் அவர் இயற்றிய நளவெண்பாவின் நடை இதில் இல்லை.

எழுத்துக் கூட்டிப் படிப்போருக்காகப் பெரிய அச்சில் வந்த மலிவு நூல்களான பெரிய எழுத்துப் பதிப்புகளும், நாடக மேடைகளும், 1935இல் வந்த திரைப்படமும் இக்கதையைப் பரப்பின.

1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் எனப்பட்ட மேற்பார்வையாளர்கள் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தனர். அவ்வாறு சென்றவர்களோடு கதைப்பாடலும் கூத்தும் கடல் கடந்தன. நெகிரி செம்பிலானில் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பால் வெட்டப் போன பெண்களின் நிலையை நோக்கினால், பெண் ஆளும் மதுரையின் கதை அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது விளங்கும். அம்மாநில மலாய்க்காரரிடையே குலச்சொத்து நிலம் தாய்வழியில் பெண்களைச் சேரும் ‘அடாட் பெர்ப்பாத்தே’ என்னும் மரபு நிலவ, அதே மண்ணில் தமிழ்ப் பெண்ணுக்கு லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் வீடும் கம்பெனியின் உடைமையாகவே இருந்தது. 1920களின் இறுதியில் மலாயாவின் எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலியும் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றே அமைந்தது.

ஓரத்தில் நின்ற பெண்ணை நடுவே கொணர்வது ஆங்கிலத்திலும் நிகழ்ந்தது: 1847இல் வெளியான ‘ஜேன் ஐர்’ நாவலில் மேல்மாடியில் அடைபட்ட, நாயகனின் மனைவிக்கு, ஜீன் ரீஸ் 1966இல் தனி நாவல் எழுதி அவள் வாயாலேயே பேசவைத்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்ப் பாணர் அத்திசையில் நடந்தனர் என்பது பெருமைக்குரியதே. ஆயினும், இசைவின்றிக் கட்டிய தாலியை அவர்கள் அர்ச்சுனனின் சாமர்த்தியமாகவே பாடினர். அம்பையின் ‘அடவி’ சிறுகதையில் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். அல்லிக்கும் அப்படியொரு நூல் வேண்டும், அதைத் தோட்டத்துப் பெண்களின் பேத்திகள் எழுத வேண்டும்.