கப்பலேறிப் போன பெரிய பூட்டன்

சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, "கணக்குப் படித்தவனிடம் போய்க் கட்டுரை கேட்கிறீர்களே" என்றுதான் சொன்னேன். "நம்ம ஊர் சம்பந்தமா எதையாவது எழுதும்வே, போதும்" என்றார்கள். ஆகவே ஏழெட்டு வருஷமாக என் மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரு சொந்த விஷயத்தையே எழுதுகிறேன். வரலாறு படித்த நண்பர்கள் குறை இருந்தால் பொறுத்தருள்க.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் முழுகி முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது நம் பக்கத்து வழக்கம். என் அப்பா எல்லாப் பெயரையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ஒருவருக்கு மட்டும் பெயர் சொல்லாமல் ஒரு கை தண்ணீர் விடுவார்கள். சிறுவயதில் யாருக்கு என்று கேட்டேன். "எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன். போனவரு வரலை. செத்த தேதி தெரியாது" என்றார்கள்.

ஆச்சியிடம் கேட்டால் வேறு கதை. "அவுக பங்கை வித்துப் பணத்தைச் சுருட்டிக்கிட்டு கண்டிச் சீமைக்கு ஓடிட்டாகல்லா. புளியமரத்துலருந்து விழுந்து இடது புருவத்துல வெட்டுத் தழும்பு உண்டும். அதை வச்சுக்கூட ஒருத்தரும் கண்டுபிடிச்சுச் சொல்லலை" என்பாள். ஆக, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் ஓடிப்போனவர். அவர் பெயரை யாருக்கும் வைக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரைத் தேடத் தொடங்கினேன். 'கண்டிச் சீமை' என்ற சொல்லை நம்பி முதலில் இலங்கைப் பக்கம் தேடியது வீண். திருநெல்வேலிக்காரர் பலரும் அக்காலத்தில் தூத்துக்குடி வழியாக இலங்கை போனது உண்மைதான். ஆனால் அவர்கள் கங்காணிமாரோடு கூட்டமாகப் போனவர்கள். எந்த ஊர், யார் மகன் என்று ஒவ்வொருவரையும் எழுதிவைத்த பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை.

திருப்பம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. பழைய ஜாதகக் கட்டுக்குள் ஒரு வெற்று உறை. உள்ளே கடிதம் இல்லை. தபால்தலையில் தாடி வைத்த ராஜா, மேலே ஆங்கிலத்தில் 'நேட்டால்'. அந்த ராஜா ஏழாம் எட்வர்ட். அவர் படத்தோடு நேட்டால் தபால்தலை வெளியிட்டது 1902 முதல்தான். அப்படியானால் அவர் போனது தென்னாப்பிரிக்காவுக்கு. 1902க்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார். வீட்டுக்குக் கடிதமும் போட்டிருக்கிறார்! அதை ஆச்சி அறியவில்லை.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆளுக்கு ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். அந்த எண்ணே அங்கே அவருக்கு முகவரி. கூலிகள் ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதியது, இன்று பேரன் பேத்திகளுக்கு உதவுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1635ஆம் ஆண்டு நிலப் பதிவு ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒருவர் வருகிறார். அவருக்குத் தகப்பன் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அவருக்குச் சந்ததி இருந்தாலும் எந்த ஊரைத் தேடிப் போவார்கள்? அந்த விதத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பட்டியல்களின் படிகள் டர்பனில் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் பெயர்கள் படாதபாடு படுகின்றன. சுடலை, மாடன், இசக்கி என்று வந்தால் நம் பக்கத்து ஆள் என்று ஊகிக்கலாம். எங்கள் பூட்டனுக்கு நம் சிவசைலம் கோயில் சுவாமியின் பெயர். அது நம் வட்டாரத்தைத் தாண்டினால் அரிது. அதுவே கைகொடுத்தது. 1897ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றில் அகப்பட்டார். பெயர் கோணல்மாணல். தகப்பன் பெயர் சரி. வயது 24. தாலுகா அம்பாசமுத்திரம். ஊர்ப் பெயரில் 'குறிச்சி' மட்டும் தெளிவு. ஆழ்வார்குறிச்சியா, கல்லிடைக்குறிச்சியா என்று சந்தேகம். கடைசிக் கட்டத்தைப் படித்தேன்: இடது புருவத்தில் தழும்பு.

ஆச்சி இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

சரி, பணத்தைச் சுருட்டியது? சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, பலமுறை நடந்து, 1897ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். அண்ணன் தன் பங்கு நஞ்சையைத் தம்பிக்கு எழுதிக்கொடுக்கிறார். கிரயத் தொகை ரொக்கமாகக் கைமாறவில்லை. 'நம் தகப்பனார் வாங்கின கடனுக்கு ஈடாக' என்று இருக்கிறது. அதாவது அப்பன் பட்ட கடனுக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டு, ஒரு பைசா இல்லாமல் போயிருக்கிறார். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-77) வாங்கிய கடனாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

போன இடத்திலும் சுகமில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் பதினான்கு. முடிந்தபின் மறுபடி ஒப்பந்தத்தில் சேரவேண்டும், அல்லது ஊர் திரும்பவேண்டும். இரண்டும் இல்லையென்றால் 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷம் மூன்று பவுன் வரி. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். நாலு மாதக் கூலிக்கும் மேலே. காந்தியடிகளின் போராட்டத்துக்குப் பிறகு 1914ல்தான் அந்த வரி ஒழிந்தது. எங்கள் பூட்டன் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே இருந்து கடிதம் எழுதியிருக்கிறார். என்ன எழுதினார்? உதவி கேட்டாரா, தம்பி நலம் விசாரித்தாரா? கடிதத்தை எடுத்துவிட்டு உறையை மட்டும் வைத்திருந்தது யார்? அதை எந்த ஆபீசிலும் மனுப் போட்டு வாங்க முடியாது.

இப்போது ஒரு விஷயம். அந்த நஞ்சை கடனாநதிப் பாசனத்தில் இன்றும் எங்களிடம் இருக்கிறது. நான் நம் கல்லூரியில் படித்த வருஷங்களில் அந்த வயலின் நெல்லை விற்றுத்தான் அப்பா பீஸ் கட்டினார்கள். நம் வகுப்பறையில் நான் உட்கார்ந்திருந்ததே அவர் விட்டுப்போன பங்கில்தான். அவரைத்தான் நூறு வருஷம் ஓடிப்போனவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கையரே, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஏதாவது ஒரு உறை, ஒரு பத்திரம் இருக்கும். தாத்தா ஆச்சி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரியாக இராது. எங்கள் ஆச்சி பணத்தைப் பற்றிச் சொன்னது தப்பு, தழும்பைப் பற்றிச் சொன்னது சரி. காகிதத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

அவர் இறந்த தேதி இன்னும் கிடைக்கவில்லை. போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போயிருந்தேன். அப்பாவைப் போலவே கடைசியில் ஒரு கை தண்ணீர் விட்டேன், இந்த முறை பெயரைச் சொல்லி.